நண்பகலில் எடுத்த இரவு

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் மேயர் முசியே அர்மேல் ரியோ அவர்களே! படச்சுருள் பெட்டிகளைப் பச்சைக் குழந்தைபோல் மடியில் கிடத்திப் பாரிஸிலிருந்து ரயிலில் கொண்டுவந்து சேர்த்த திரைப்படக் காப்பகத்தின் மத்மொசெல் சொலாஞ்ஜ் அவர்களே! காலையில் உப்பு வாரிவிட்டு, காலில் ஒட்டிய களிமண்ணைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்திருக்கும் உப்பளத்துப் பெரியோர்களே! அந்த உப்பைத் தலையில் சுமந்து கரை சேர்த்தும், சந்தையில் தங்கள் பெயரைக் கேட்டறியாத தாய்மார்களே! படம் முடிந்ததும் ஊற்றப்போகும் ஆப்பிள் மதுவுக்காக மட்டுமே பின்வரிசையில் நிற்கும் நண்பர்களே! உங்களைப் பெயர் சொல்லி அழைக்கவும் எனக்குத் தெரியும், அழைக்கவில்லை. அனைவருக்கும், கெர்வாலெக் வார இதழில் முப்பத்தோரு ஆண்டுகள் செய்தி எழுதிய இந்த ஜில்தாஸின் மாலை வணக்கம்.

எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மேயர் பன்னிரண்டு என்று விரல் காட்டுகிறார். இருக்கட்டும்.

பக்கவாட்டுக் கதவருகே ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அதில் மதாம் பெரீன் துயால் அமர்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து! திரும்பிவிட்டீர்கள். சரி, பார்த்தாயிற்றா? முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த மன்றத்தின் படியை மிதித்திருக்கிறார். இன்றைய படத்தின் நாயகி அவர். படம் முடியும்வரை அவர் அந்த நாற்காலியில் இருப்பாரா, பாதியில் எழுந்து அந்தக் கதவு வழியே போய்விடுவாரா என்பது என் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1926ஆம் ஆண்டுக் கோடையில், அம்ப்ருவாஸ் தெல்மா என்ற மனிதர் படம்பிடிக்கும் பெட்டி ஒன்றோடும் ஒரு பாரிஸ் நடிகரோடும் இந்த ஊரில் வந்திறங்கினார். நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். உப்பளத்துப் பெண் ஒருத்திக்கும் சுங்கக் காவலன் ஒருவனுக்கும் காதல்; பெண்ணை வேறொருவனுக்கு நிச்சயம் செய்துவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. பெயர் ‘உப்பளத்து மணப்பெண்’. காவலனாக வந்தவர் பாரிஸ்காரர். பெண்ணாக வந்தவர் நம் பெரீன். வயது பத்தொன்பது. தெல்மா நான்கு நடிகைகளை வரவழைத்துப் பார்த்தாராம். நால்வரும் நம் வரப்பில் நான்கடி நடப்பதற்குள் பாத்திக்குள் விழுந்தார்கள். ஐந்தாவதாக, தலையில் உப்புக் கலத்தோடு எதிரே ஒரு பெண் வந்தாள். கலம் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. தெல்மாவும் அசையவில்லை!

அந்த மனிதர் நம் ஊரை எப்படிப் பார்த்தார் என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு ஒரு குணம் உண்டு. சிவப்பைக் கண்டால் அதற்கு இருட்டு; நீலத்தைக் கண்டால் அதற்கு வெளிச்சம். நம் வானம் எவ்வளவுக்கு நீலமோ, திரையில் அவ்வளவுக்கு வெள்ளை. வெயிலில் நம் முகம் எவ்வளவு சிவந்திருக்கிறதோ, திரையில் அவ்வளவு கருப்பு. வேறொருவராக இருந்தால் இதைக் குறை என்று நினைத்து முகத்துக்கு மாவு பூசியிருப்பார். தெல்மா பூசவில்லை. மேலே வானம் வெள்ளை. கீழே பாத்தியில் வானத்தை வாங்கி வைத்திருக்கும் நீரும் வெள்ளை. அடிவானக் கோடு எங்கே? இல்லை! மண் எங்கே முடிகிறது, விண் எங்கே தொடங்குகிறது? தெரியாது! அந்த வெண்மையின் நடுவே, கருப்புப் பாவாடையில் ஒரு பெண், ஒரு சாண் அகல வரப்பின்மேல், வெள்ளைத் தாளில் யாரோ மைதொட்டு இழுத்த ஒற்றைக் கோடு போல நடந்து வருகிறாள். நாம் தினமும் நடக்கிற வரப்புதான். நாம் தினமும் திட்டுகிற களிமண்தான். நம் கண்ணுக்கு அது கூலி வேலை. அந்தக் கண்ணுக்கு அது கவிதை.

அருகில் வரும் முகங்களைப் பாருங்கள். முடியோரத்தில் வெளிச்சம் வெண்ணெய் போல் இளகி வழியும். அதன் ரகசியத்தை நம் பழைய நோட்டரியின் வீட்டார் எனக்குச் சொன்னார்கள். தெல்மா அந்த வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தார். ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டே நோட்டரியின் மனைவியைக் கேட்டாராம்:

“மதாம், உங்க பட்டுக் காலுறை ஒண்ணு வேணும்.”

“ஒண்ணா? எந்தக் காலோடது?”

“எதுவானாலும் சரி. மெல்லிசா இருக்கணும். என் படப்பெட்டிக் கண்ணாடி மேல கட்டப்போறேன்.”

அந்த அம்மாள் தயங்காமல் மேலே போய்க் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நோட்டரி வீட்டுக்கு வந்தார். விஷயம் தெரிந்தது.

“என் பொண்டாட்டி காலுறைக்குள்ள பூந்துதான் ஊரைப் பாக்கணுமா அந்த ஆளு?”

“நீங்க இத்தனை வருஷமா அந்தக் காலுறையப் பாத்ததே இல்லியே, அவராவது பாக்கட்டும்” என்றாராம் அந்த அம்மாள்.

சிரியுங்கள், சிரியுங்கள்! பெரீனின் முகத்தைச் சுற்றி இன்று நீங்கள் காணப்போகும் ஒளிவட்டம் தேவதைகள் கொடுத்ததல்ல. நோட்டரி மனைவியின் இடது கால் கொடுத்தது.

இன்னொன்று. படப்பெட்டி நகர வேண்டும். தண்டவாளம் போட வரப்பில் இடம் ஏது? நம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டியைப் பின்னோக்கி இழுத்தவர் பெரீனின் சொந்தத் தகப்பனார் மத்யுரேன் துயால். படத்திலும் தகப்பன் வேடம் அவருக்குத்தான். அவர் கண் மகள்மேல் இருக்கிறது. பின்னால் வாய்க்கால் இருப்பது மகளுக்குத்தான் தெரிகிறது. அந்த இடத்தில் எழுத்து அட்டை வரும்: ‘என் உயிரே, உனக்காகக் காத்திருப்பேன்.’ ஆனால் பெரீனின் உதட்டைக் கவனியுங்கள். உப்பளக் காற்றில் தூரத்து ஆளின் உதட்டைப் படித்துப் பழகிய ஊர் அல்லவா இது? அவர் சொல்வது, “அப்பா, பள்ளம்! பள்ளம்!” அந்த இடத்தில் சிரிக்கலாம். மதாம் துயாலே அனுமதி கொடுத்திருக்கிறார்.

சிரிக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன். மேயர் அவர்களே, கடிகாரத்தைப் பைக்குள் வையுங்கள்.

அந்தப் படங்களெல்லாம் கருப்பு வெள்ளை என்று நினைக்கிறோம். இல்லை! எடுத்த படத்தைத் துண்டு துண்டாகச் சாயத் தொட்டியில் தோய்ப்பார்கள். விளக்கெரியும் அறைக்குத் தேன் நிறம். விடியலுக்கு இளஞ்சிவப்பு. இரவுக்கு நீலம். இரவு நேரத்தில் படம்பிடிக்கும் அளவுக்கு அன்றைய சுருளுக்குக் கண் கூர்மை கிடையாது. ஆகவே இரவை எப்போது எடுத்தார்கள்? நண்பகலில்! உச்சிவெயிலில் எடுத்து, நீலத்தில் தோய்த்து, உலர்த்தி, இரவு என்று திரையிட்டார்கள். பாரிஸில் பார்த்தவர்கள் இரவென்று நம்பினார்கள். நான்த் நகரில் பார்த்தவர்களும் நம்பினார்கள்.

நாம் எப்போது பார்த்தோம்? இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1951இல், இதே மன்றத்தில். அப்போதிருந்த பங்குத் தந்தை பள்ளிக்கூடப் புரொஜெக்டருக்குத் தோதான சின்னச் சுருளில் ஒரு மலிவுப் பிரதியை வாடகைக்கு எடுத்துவந்தார். மலிவுப் பிரதிக்கு யார் சாயம் போடுவார்கள்? எல்லாம் வெறும் கருப்பு வெள்ளை. நீளத்தைக் குறைக்க எழுத்து அட்டைகளில் பாதியை வெட்டியிருந்தார்கள். ‘அன்றிரவு’ என்ற அட்டையும் அதில் போயிற்று.

மூன்றாவது வரிசையில் பெரீன். வயது நாற்பத்து நான்கு. கணவரை இழந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைத் தலைத்துணி. பக்கத்தில் தகப்பனார். இருவரும் தங்கள் படத்தை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள்.

திரையில் என்ன நடக்கிறது? மறுநாள் கல்யாணம். பெண் தன் காவலனிடம் கடைசியாக விடைபெறப் போகிறாள். தகப்பன் கட்டிலில் தூங்குகிறார். அவள் லாந்தரை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வரப்பில் நடந்து, காவல் குடிசைக்குள் போகிறாள். எட்டு நிமிடம். நாம் எதைப் பார்த்தோம்? பட்டப்பகலைப் பார்த்தோம்!

வேறு ஊராக இருந்தால் குழம்பியிருப்பார்கள்; சும்மா இருந்திருப்பார்கள். இது கெர்வாலெக். உப்புக் குவியலின் நிழலைப் பார்த்து, கால் மணி பிசகாமல் நேரம் சொல்கிற ஊர். காலடியில் சுருண்டு கிடந்த நிழலைப் பார்த்த மாத்திரத்தில் இந்த மன்றமே முணுமுணுத்தது: “பன்னெண்டு மணி. பன்னெண்டே கால்.” பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு குரல்:

“நட்ட நடு மத்தியானம் லாந்தர் எதுக்குடி?”

இன்னொரு குரல்:

“அப்பன் காலைலயே ஏத்திக்கிட்டான் போல. அதான் அப்படிக் கவுந்து கெடந்தான்!”

பிறகு அடுத்த சொல் கேட்கவில்லை. கூரை அதிரச் சிரித்தோம். அறுவடை முடிந்த நாளில் ஒரு குவளை ஆப்பிள் மது தவிர வேறொன்றும் தொட்டறியாத மத்யுரேன் துயால், எழுபது வயதில், தன் தொப்பியைத் தேடி எடுத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை இடித்து இடித்து, வரிசையை விட்டு வெளியே போனார். அதற்கும் சிரித்தோம்.

சிரித்தோம் என்கிறேன். நான் சிரித்ததோடு நிற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். எழுத்தில் குத்தினால்தான் எழுத்து என்று நினைத்த வயது. அந்த வியாழக்கிழமை இதழில், மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி. வாசிக்கிறேன்.

‘சென்ற ஞாயிறன்று நம் மன்றத்தில் ஒரு பழைய காதல் படம் காட்டப்பட்டது. பட்டப்பகலில் லாந்தர் ஏந்தி, குடித்துக் கிடக்கும் தகப்பனைத் தாண்டி, காவலன் குடிசைக்கு விரையும் நாயகியைக் கண்டு ரசித்தோம். நம் ஊர்ப் பெண்களுக்குச் சூரிய வெளிச்சம் போதவில்லை போலும்.’

அடியில் என் பெயர்.

அதன் பிறகு அவருக்கு ‘லாந்தர் பெரீன்’ என்று பெயராயிற்று. சந்தை நாட்களில் அவர் வீட்டு வாசற்கதவில் தகர டப்பாக்களைக் கட்டிவிட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். மத்யுரேன் இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தார். இந்தப் பக்கம் வரவில்லை. பெரீனும் வரவில்லை. சொந்தத் தம்பி மகளின் கல்யாண விருந்து இங்கே நடந்தது, வரவில்லை. அறுவடை நடனத்துக்கு வரவில்லை. ஓட்டுப்பெட்டி வைப்பதும் இந்த மன்றத்தில்தான். ஓட்டுப் போடவும் வரவில்லை. மேயர் அவர்களே, சென்ற முறை நீங்கள் எத்தனை ஓட்டில் ஜெயித்தீர்கள்? இரண்டு. அவர் வந்திருந்தால் ஒன்றாகியிருக்கும். முகம் சுளிக்காதீர்கள், அவரே என்னிடம் சொன்னது.

சென்ற இலையுதிர் காலத்தில் மத்மொசெல் சொலாஞ்ஜ் எனக்குக் கடிதம் எழுதினார். நான்த்தில் ஒரு வீட்டுப் பரணில் ஏழு தகர டப்பா. அதில் 1927ஆம் ஆண்டின் மூலப்பிரதி. சாயம் அழியாமல் இருக்கிறது. படம் எடுத்த ஊரைப் பற்றி விவரம் வேண்டும் என்று. நானே பாரிஸுக்குப் போனேன். ஒரு சிறிய அறையில் எனக்குப் போட்டுக் காட்டினார். தேன் நிறம் வந்தது. இளஞ்சிவப்பு வந்தது. பிறகு ஒரு அட்டை: ‘அன்றிரவு.’

நண்பர்களே, நீலம் வந்தது!

என்ன நீலம் அது! கடல் நீலமா? இல்லை. மை நீலமா? இல்லை. நிலவு ஏறியபின் நம் பாத்திகள் ஒவ்வொன்றும் ஒரு சன்னலாகத் திறந்துகொள்ளுமே, அந்த நீலம்! அந்த நீலத்தில் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒரு கட்டில். கட்டிலில் மத்யுரேன் துயால் தூங்கிக்கொண்டிருக்கிறார். இரவில் தூங்குகிற மனிதன் தூங்குகிறான். பகலெல்லாம் உப்பு வாரிய மனிதன், வாயை லேசாகத் திறந்து, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துத் தூங்குகிறான். அவ்வளவுதான். அதைத்தான் நான் அச்சிலேற்றிக் குடிகாரன் என்றேன். ஐம்பத்தைந்து வயதில், முன்பின் தெரியாத பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். மத்மொசெல் சொலாஞ்ஜ் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அழுதுகொண்டிருந்தபோதே அடுத்தது நடந்தது. பெரீன் கதவைத் திறக்கிறாள், நீலம். வாசற்படி இறங்குகிறாள், நீலம். வரப்பில் முதலடி, இரண்டாமடி, மூன்றாமடி. சட்டென்று வெள்ளை! நண்பகல்!

“என்ன ஆச்சு மத்மொசெல்?”

“அந்தச் சுருள் மட்டும் அழுகிப்போச்சு முசியே. ஒட்டிக்கிட்டுத் தூளா உதிருது. கதை அறுந்துடக் கூடாதேன்னு வேற பிரதியிலேருந்து எடுத்துச் சேத்திருக்கோம்.”

“எந்தப் பிரதி?”

“பங்குக் கோயில்களுக்கெல்லாம் வாடகைக்குப் போன சின்னச் சுருள்.”

அதே பிரதி! இங்கே ஓடிய அதே எட்டு நிமிடம்! ஏழு சுருளில் ஆறைத் திருப்பித் தந்த காலம், எந்த ஒன்றுக்காக ஓர் ஊர் ஒரு பெண்ணைச் சிரித்து விரட்டியதோ, அந்த ஒன்றை மட்டும் தரவில்லை.

திரும்பி வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். மழை. கதவைத் தட்டினேன்.

“யாரது?”

“ஜில்தாஸ், மதாம்.”

“எந்த ஜில்தாஸ்? பன்னி வளக்கிறவனா, பத்திரிகைக்காரனா?”

“பத்திரிகை.”

“பன்னிக்காரனா இருந்தா உடனே தொறந்திருப்பேன்.”

அரை மணி நேரம் வாசலில் நின்றேன். அதன் பிறகு திறந்தார். சொல்ல வந்ததைச் சொன்னேன்.  அடுப்பில் அடை ஒன்றைத் திருப்பிப் போட்டார். வெண்ணெய் தடவினார். தட்டை என் முன் தள்ளிவிட்டுக் கேட்டார்:

“அந்த லாந்தர்ல என்ன எரிஞ்சுதுன்னு தெரியுமா உனக்கு?”

“மெழுகுவத்தி?”

“மண்ணாங்கட்டி. உச்சிவெயில்ல மெழுகுவத்தி எரிஞ்சா எவன் கண்ணுக்குத் தெரியும்? அப்பா சவரம் பண்ற கண்ணாடி. தெல்மா அத உடைச்சு, சில்ல உள்ள ஒட்டிட்டாரு. சூரியன அதுல புடிச்சாத்தான் விளக்கு மின்னும். ஒரு நூல் தப்புனா அணைஞ்சு போயிடும். வழுக்குற வரப்பு, வெறுங்காலு, கையில சூரியன். எட்டு தடவ நடந்தேன். எட்டு தடவையும் அப்பா வண்டிய இழுத்தாரு.”

கேட்டீர்களா? கையில் சூரியன்! அந்த நடையில் ஒரு தலைச்சாய்வு இருக்கும்; காதல் தலைக்கேறிய சாய்வு என்று பாரிஸ் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அது பத்தொன்பது வயது உப்பளத் தொழிலாளி ஒருத்தி சூரியனை ஒரு சில்லுக் கண்ணாடிக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, கால் இடறாமல் நடந்த தொழில் திறமை. நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம்? யாரைப் பார்த்துச் சிரித்தோம்? நம் கையே செய்த வேலையை, நம் காலே நடந்த நடையை, நாமே பார்த்துச் சிரித்தோம்!

மத்மொசெல் சொலாஞ்ஜ் ஒரு வழி சொன்னார். அந்த எட்டு நிமிடம் மட்டும் புரொஜெக்டருக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடியைப் பிடித்தால் போதும், எல்லாம் இரவாகிவிடும். எனக்குப் பெரிய நிம்மதி. ஓடிப்போய் மதாமிடம் சொன்னேன்.

“வேணாம்” என்றார்.

“ஏன் மதாம்? யாரும் சிரிக்கமாட்டாங்களே.”

“அதான் வேணாங்கிறேன். நீலத்தக் காட்டினா மாடுகூடச் சிரிக்காது. கண்ணாடி வெக்காம, அன்னிக்குப் பாத்தாங்களே, அப்படியே பாக்கட்டும்.”

“அப்ப நீங்க வருவீங்களா?”

“வரேன். கதவுப் பக்கம் நாற்காலி போடு. எவனாவது ஒருத்தன் பல்லக் காட்டினா, ரொம்ப தூரம் நடக்கவெக்காதே. எழுபத்து நாலு ஆச்சு.”

ஆகவே நண்பர்களே, கண்ணாடி இல்லை. நீலம் மூன்றடிதான் வரும். நான்காம் அடியில் வெயில் அடிக்கும். நிழல் காலடியில் சுருளும். உங்கள் கண் தன் வழக்கப்படி மணி சொல்லும். சொல்லட்டும், அது உங்கள் குற்றமில்லை. ஆனால் உங்களைக் கேட்கிறேன்: ஒரு படத்தைப் பார்ப்பது என்றால் என்ன? இருப்பதைப் பார்ப்பதா? இருப்பதைத்தான் மாடும் பார்க்கிறதே! காலுறைக்குப் பின்னால் ஒளிவட்டம் கண்டது ஒரு கண். சேற்று வரப்பில் கவிதை கண்டது ஒரு கண். அந்தக் கண் பாரிஸிலிருந்து வந்த ஒருவருக்கு இருந்தது; இங்கேயே பிறந்த நமக்கு இல்லையா? சாயத் தொட்டி வற்றிவிட்டது. தோய்த்த கைகள் போய்விட்டன. எட்டு நிமிட இரவை இனி எந்தத் தொழிற்சாலையும் தராது. தர வேண்டியவர் யார்? நீங்கள்! அந்த நீலம் இனி உங்களிடம்தான் இருக்கிறது!

யாரோ எழுந்திருக்கிறார்கள். தொனசியேனா? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

“அன்னிக்கு லாந்தர் எதுக்குன்னு கத்தினது நான்தான். இருபது வயசு எனக்கு. பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. அவளச் சிரிக்கவெக்கணும்னு கத்திட்டேன்.”

அவர் பக்கத்தில் இருக்கும் மனைவி சொல்வது பின்வரிசைக்குக் கேட்டதா?

“அந்தப் பொண்ணு நான்தான். நான் சிரிக்கல. இவனக் கட்டினதுக்கப்புறமும் சிரிக்கல.”

உட்காருங்கள் தொனசியேன். முப்பது வருடம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டீர்கள். என் சுமையையும் இறக்குகிறேன். எங்கள் பத்திரிகையில் ஒரு விதி உண்டு: எழுதியது பிழை என்றால், எந்தப் பக்கத்தில் எழுதினோமோ அந்தப் பக்கத்தில் திருத்தம் போட வேண்டும். வருகிற வியாழக்கிழமை, மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தியில் இது வரும். ஆசிரியர் ஒரு சொல்லும் வெட்டவில்லை.

‘திருத்தம். 1951ஆம் ஆண்டு இந்த இடத்தில் வெளியான செய்தியில் பிழைகள் உள்ளன. அது பகல் அன்று, இரவு. மத்யுரேன் துயால் குடித்திருக்கவில்லை; தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மகள் போனது விடைபெறுவதற்கு. தவறாகப் பார்த்ததும், அதைத் தெரிந்துகொள்ள முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டதும் இந்த நிருபர். ஜில்தாஸ்.’

கைதட்ட வேண்டாம். திருத்தத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.

மதாம்? மதாம் துயால், ஏன் எழுந்துவிட்டீர்கள்? படம் இன்னும் தொடங்கவே இல்லையே. நான் ஏதாவது தவறாக... மன்னியுங்கள், கதவை யாரும் மறிக்காதீர்கள், அவர் விருப்பப்படி விடுங்கள். இல்லை, நாற்காலியையும் கையில் எடுக்கிறார். யாராவது பிடியுங்கள்! தொனசியேன், நீங்கள் போங்கள். எங்கே போட வேண்டும் மதாம்? இங்கேயா? முதல் வரிசைக்கும் முன்னாலா? சரி. திரையை நன்றாகப் பார்க்கலாம். தொனசியேன், நாற்காலி திரும்பியிருக்கிறது, திரைப் பக்கம் திருப்பிப் போடுங்கள்.

“திருப்பச் சொல்லாதே! சரியாத்தான் போட்டிருக்கான்.”

மதாம், திரை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. படம் எப்படித் தெரியும்?

“படம் எனக்கு மனப்பாடம்டா. இவங்களத்தான் நான் பாத்ததில்ல. அந்த எட்டு நிமிசமும் ஒவ்வொரு மொகமாப் பாக்கப்போறேன். நீ பேசினது போதும், எறங்கு.”

கேட்டீர்களா?

என் பேச்சு முடிந்தது. தலைமை தாங்கிய மேயருக்கும், படத்தைக் காப்பாற்றிய மத்மொசெல் சொலாஞ்ஜுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. சன்னல் திரைகளை இழுத்துவிடுங்கள். தொப்பிகளைக் கழற்றுங்கள். அரங்கம் இருண்டதும் திரையின் வெளிச்சம் உங்கள் முகங்களில் விழும். அந்த நாற்காலியில் இருப்பவருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

கெர்வாலெக் மக்களே, இன்று நீங்கள்தான் படம். வணக்கம்.